மரங்களைச் சாய்த்த நா

புதிய பாஷை ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் ஒரே ஒரு புத்திமதி சொல்வேன். சோறு, தண்ணீர், என்ன விலை என்பதெல்லாம் மெதுவாக வரட்டும். அவற்றுக்குக் கை ஜாடையே போதும். முதலில் 'கூடாது' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அதையும் சரியான இடத்தில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். இடம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. சாட்சி என்பது மரியாதைக்காகச் சொன்னது. உண்மையில் நான் குற்றவாளி.

கல்கத்தாவுக்குத் தெற்கே ஒரு புறநகரில் மரங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டார்கள். அதை வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். நானும் சொன்னேன். நான் சொல்ல ஆரம்பித்த ஐந்தாம் நாள், அந்தப் பகுதியில் நாற்பத்தொரு மரங்கள் தரையில் கிடந்தன.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருநெல்வேலியில் எஃப்.ஏ. பரீட்சை தேறிவிட்டு, கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அத்தான் வீட்டுக்கு வேலை தேடி வந்திருந்தேன். வீடு டாலிகஞ்சில், டிராம் தண்டவாளம் முடிகிற இடத்துக்கும் அப்பால் இருந்தது. இன்றைக்கு அங்கே சினிமா ஸ்டூடியோக்களும் பஸ்களும் இருக்கின்றன. அன்றைக்குக் குளமும் மூங்கில் புதரும் மாந்தோப்பும் கொசுவும்தான். தலைநகரத்தை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்த சமயம். தலைநகரம் போனதே தவிர வீடு கட்டுகிறவர்கள் போகவில்லை. ஊர் தெற்கே தெற்கே என்று வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். ஆகவே மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் பக்கத்து நகராட்சியின் வைஸ் சேர்மன் அபினாஷ் பாபு (நகராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன், என்னை வேலைக்கு எடுத்ததைத் தவிர அதன் மேல் ஒரு குற்றமும் கிடையாது) ஒரு வக்கீல். தினமும் குதிரை வண்டியில் கோர்ட்டுக்குப் போகும்போது, வழியில் இருந்த ஒரு மாந்தோப்பு கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் திரும்பி வரும்போது தோப்பே இல்லை. மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினாராம். நெஞ்சு உயரத்தில் மூன்று அடிக்கு மேல் சுற்றளவுள்ள எந்த மரத்தையும், ரோட்டோரமானாலும் வீட்டுத் தோட்டமானாலும், நகராட்சியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, மீறினால் அபராதம். மூன்று கூட்டத்தில் வாதாடி நிறைவேற்றினார். அடுத்த மாதம் முதல் தேதி சட்டம் அமலுக்கு வர வேண்டும். அதற்குள் மரங்களை அளந்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் நம்பர் போட்டு, ரிஜிஸ்தரில் எழுதி, வீட்டுக்காரருக்கும் விஷயத்தைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

நான் போய் நின்றேன். அபினாஷ் பாபு என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாங்லா ஜானேன்?"

"ஜானி" என்றேன். தெரியுமா என்றார், தெரியும் என்றேன். பேட்டி முடிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த வங்காளி பாஷையை இங்கே கணக்கெடுத்துச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்தில் டிராம் கண்டக்டரிடமிருந்தும் பால்காரனிடமிருந்தும் பொறுக்கியது. டிராம் நிற்கும் இடங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். நூறு வரை எண்ணத் தெரியும். பாலில் தண்ணீர் இருக்கிறது என்று மூன்று விதமாகச் சொல்லத் தெரியும். இதை வைத்துக்கொண்டுதான் சட்டம் சொல்லப் போனேன்.

நியாயமாகப் பார்த்தால் சட்டத்தைச் சொல்லும் வேலை என்னுடையதே இல்லை. நகராட்சியில் காளிபதா என்று ஒரு தண்டோராக்காரர் இருந்தார். தெருமுனையில் நின்று மேளத்தை இரண்டு தட்டுத் தட்டி அவர் குரல் கொடுத்தால், குளத்துக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவர் முன்னால் போய் அறிவிப்பது, நான் பின்னால் போய் அளப்பது என்று ஏற்பாடு. கிளம்ப வேண்டிய திங்கட்கிழமைக்கு முதல் நாள் காளிபதாவுக்கு மலேரியா வந்துவிட்டது.

"ஒரு வாரம் பொறுப்போம். அவன் எழுந்து வரட்டும்" என்றார் அபினாஷ் பாபு.

"அவசியமில்லை சார். நானே சொல்லிவிடுகிறேன்" என்றேன் இங்கிலீஷில்.

(விதி நம்மைப் பிடரியைப் பிடித்துத் தள்ளும் என்பார்கள். என்னை அது தொடக்கூட இல்லை. நானாகத்தான் குதித்தேன்.)

அன்று சாயங்காலம் அக்கா மீனாட்சி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்று, மறுநாள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். வங்காளியில் 'காச்' என்றால் மரம். 'காட்டா ஹொபே' என்றால் வெட்டப்படும். 'நா' என்றால் இல்லை, கூடாது, மாட்டாது எல்லாம். ஒற்றை எழுத்து. இந்த மூன்றையும் நான் இப்படிக் கோத்தேன்:

"நா, காச் காட்டா ஹொபே."

அக்கா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எலே, அந்த 'நா' கடைசியிலல்லா வரணும்? நம்ம வேலைக்காரி 'ஆஸ்போ நா'ன்னுதான் சொல்லுதா, வரமாட்டேன்னு. 'நா ஆஸ்போ'ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"வேலைக்காரிகிட்டயா இலக்கணம் படிக்கச் சொல்லுத?" என்றேன். பிறகு அவளுக்குப் பாடம் நடத்தினேன். இங்கிலீஷில் 'நாட்' முன்னால் வருகிறது. ஹிந்தியில் 'மத் காட்டோ' என்கிறார்கள், அங்கேயும் 'மத்' முன்னால். பெரிய பாஷைகள் எல்லாவற்றிலும் மறுப்பு முன்னால்தான் வரும்.

"நாம 'வெட்டக் கூடாது'ன்னு கடைசியிலதானலே சொல்லுதோம்?"

"அது தமிழ்க்கா. இது வேற."

அத்தான் பேப்பரை மடித்துக்கொண்டே, "விடு மீனாட்சி. எஃப்.ஏ. படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

அக்கா சொன்னதுதான் சரி. 'காச் காட்டா ஹொபே நா' என்றால் மரம் வெட்டப்படாது. நான் சொன்ன 'நா, காச் காட்டா ஹொபே' என்றால், 'இல்லை, மரம் வெட்டப்படும்.' என் தாய்மொழியில் நினைத்திருந்தால் தானாகவே சரியாக வந்திருக்கும். நான் இங்கிலீஷில் நினைத்தேன்.

மறுநாள் காலை பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, சரிகைக் கரை போட்ட தலைப்பாகை சகிதம் கிளம்பினேன். பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு பியூன் ராம்ஸேவக் கூட வந்தான். பீகார்க்காரன், ஐம்பது வயது, பெயின்ட் அடிக்கச் சொன்னால் அடிப்பான், மற்ற சமயத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு நிற்பான். வாயைத் திறப்பது துப்புவதற்கு மட்டும்.

முதல் வீடு ஷோஷி பாபுவுடையது. போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டையரானவர். வாசலிலேயே ஒரு பிரம்மாண்டமான பலாமரம். அதன் நிழலில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, இளநீர் வெட்டித் தந்தார். பலாமரம் அவருடைய தகப்பனார் வைத்ததாம். நான் மரத்தைக் கட்டிப்பிடித்து டேப்பைச் சுற்றினேன். ஆறரை அடி. ராம்ஸேவக் வெள்ளைப் பெயின்டில் ஒன்று என்று போட்டான். நான் எழுந்து நின்று, கோட்டைச் சரிசெய்துகொண்டு, என் வாக்கியத்தைச் சொன்னேன்.

ஷோஷி பாபு இளநீர் வெட்டிய அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், "எப்போது?"

சட்டம் எப்போது அமலுக்கு வருகிறது என்று கேட்கிறார் என்று நினைத்து, "அடுத்த மாதம் முதல் தேதி" என்றேன்.

"எல்லா மரமுமா?"

"நம்பர் போட்டது எல்லாம். சின்ன மரங்களை விட்டுவிடுவோம்." பாதி வாயாலும் பாதி கை ஜாடையாலும் சொன்னேன்.

"யார் எடுத்துக்கொள்வார்கள்?"

இந்தக் கேள்வி எனக்குப் பாதிதான் புரிந்தது. பொறுப்பை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்பதாகப் பட்டது. "மியுனிசிபாலிட்டி" என்றேன் பெருமையாக.

"நான் சம்மதிக்காவிட்டால்?"

"அபராதம்."

அவர் பலாமரத்தைத் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். சட்டத்தின் மகிமையில் மனிதர் வாயடைத்துப் போனார் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், அந்த 'நா' முன்னால் நின்றது எவ்வளவு கொடுமை என்று தெரியும். அவர்கள் கெஞ்சுவதற்கு வாயெடுக்கும் முன்பே, தலைப்பாகை கட்டிய ஒரு சர்க்கார் ஆள் 'முடியாது' என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறான். மேலே என்ன பேசுவது?

நாலு நாள் இப்படி ஊரைச் சுற்றினேன். எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் தட்டு நிறைய ஸந்தேஷ் என்கிற பால் இனிப்பு வைத்து, "எங்கள் மாமரத்தை மட்டும் பார்க்காதது போல் போய்விடுங்கள்" என்றார்கள். "சட்டத்துக்கு முன்னால் எல்லா மரமும் சமம்" என்று சொல்லிவிட்டு ஸந்தேஷைத் தின்றேன். என் பெயர் சிதம்பரம் என்று யாருக்கும் வாயில் நுழையவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெயராகப் பார்த்து 'பீதாம்பர் பாபு' என்று வைத்துக்கொண்டார்கள். மாமரத்தைக் கட்டிப்பிடித்து அளந்ததில் சிவப்பெறும்பு கோட்டுக்குள் இறங்கியது. அப்போதுகூடத் தலைப்பாகை கலையாமல் குதித்தேன். பதவிக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

ஒரே ஓர் இடத்தில்தான் எதிர்ப்பு. குளத்தங்கரையில் ஒரு வீடு. வாசலுக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பெரிய புளியமரம். வீட்டுக்காரர் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்தார், சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் அவர் சம்சாரம்தான் எல்லாம். நாற்பது வயதிருக்கும். அந்தத் தெருவே அவளை 'பௌதி' என்று கூப்பிட்டது. நம் பக்கத்தில் மதினி என்போமே, அது. நான் என் வாக்கியத்தைச் சொன்னதும் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாத்ராஜிதானே நீ?" மதராஸ்காரர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாம்."

"மாத்ராஜிகள் மூன்று வேளையும் புளிதான் தின்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தின்கிற வாய்க்கு இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா?"

அவள் பேசிய வேகத்தில் 'மாத்ராஜி', 'புளி' என்ற இரண்டு சொற்கள்தான் அப்போது எனக்குப் பிடிபட்டன. அவள் புளி வேண்டுமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டேன். அக்கா வீட்டில் புளி தீர்ந்துபோயிருந்தது.

"கொஞ்சம் கொடுங்கள், மிகவும் சந்தோஷம்" என்றேன்.

பௌதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை. பங்குனி வெயில் அப்போதே ஏறியிருந்தது. நானும் ராம்ஸேவக்கும் ஷோஷி பாபு தெருவுக்குள் திரும்பியபோது கோடாலிச் சத்தம் கேட்டது. ஒரு கோடாலி என்றால் பரவாயில்லை. முன்னால் ஒன்று, பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு, குளத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் சில. தெரு நெடுகச் செங்கல் சூளைகளின் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஷோஷி பாபுவின் பலாமரம் வாசலில் குறுக்கே விழுந்து கிடந்தது. வெள்ளைப் பெயின்டில் போட்ட ஒன்றாம் நம்பர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சட்டம் அமலுக்கு வருமுன் வெட்டித் தள்ளிவிடலாம் என்று இந்த ஊரே சதி செய்கிறது என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஓடிப்போய், கையைக் காலை ஆட்டி, ஏன் வெட்டுகிறாய் என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "முதல் தேதி நீங்கள் வந்து வெட்டிச் சும்மா எடுத்துக்கொண்டு போவீர்கள். அதற்கு இன்றைக்கே சூளைக்காரனுக்குக் கொடுத்தால் எனக்காவது ஏதாவது மிஞ்சும்."

மெதுவாகச் சொன்னதால் முழுவதும் புரிந்தது. ஆனால் தப்பு எங்கே என்று புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதை நிறுத்த வேண்டும் என்பதுதான். நிறுத்துவதற்கு என்னிடம் இருந்தது ஒரே வாக்கியம்.

"நா, நா, நா, காச் காட்டா ஹொபே" என்று கத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஓடினேன்.

'இல்லை, இல்லை, இல்லை, மரம் வெட்டப்படும்' என்று சர்க்கார் ஆளே தலைப்பாகை அவிழ ஓடி வந்து கத்தினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? முதல் தேதி வரைக்கும்கூடப் பொறுக்காமல் இன்றைக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். நான் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தேனோ அங்கே கோடாலி வேகம் கூடியது. அதுவரை கை வைக்காமல் யோசித்துக்கொண்டிருந்தவர்களும் மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட ஓடினார்கள். ஒரு தெருவில் நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி முடிப்பதற்குள் ஆறு மரத்தில் வெட்டு விழுந்தது. அவற்றில் ஐந்தாவது மரத்தடியில் நான் உட்கார்ந்து அழுதேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது நாலாவது மரம்.

அபினாஷ் பாபுவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகிற வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கறுப்புக் கவுன், கையில் ஃபைல் கட்டு. கீழே கிடந்த ஒரு மாமரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவர்களிடம் என்ன சொன்னீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"வெட்டக் கூடாது என்றுதான் சார்."

"நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்."

சொன்னேன்.

அபினாஷ் பாபு அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ராம்ஸேவக்கைப் பார்த்து, "நாலு நாளும் நீ கூடத்தானே இருந்தாய். உன் காதில் விழவில்லையா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ராம்ஸேவக் புகையிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தான். "விழுந்தது ஹுஜூர். போன வாரம் காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். இந்த வாரம் வெட்டப் போகிறோம் என்றார் பாபு. சர்க்கார் காரியம், உத்தரவு மாறியிருக்கும் என்று நினைத்தேன்."

காளிபதாவைக் கம்பளியைப் போர்த்தி அபினாஷ் பாபுவின் வண்டியிலேயே கூட்டி வந்தார்கள். மனிதருக்கு உடம்பு உதறிக்கொண்டிருந்தது. மேளத்தைத் தட்டுவதற்குக் கை நிற்கவில்லை. ஜுரத்தின் நடுக்கத்தில் அதுவே அடித்துக்கொண்டது. ஆனால் குரல் மட்டும் குறையவில்லை. ஒரே வாக்கியம். 'நா' கடைசியில். அந்தக் கடைசி 'நா'வை அவர் நீட்டிச் சொன்னபோது, தோட்டம் தோட்டமாகக் கோடாலிகள் நிற்பது காதில் கேட்டது. பெரிய அமைதி. காக்கைகள்தான், உட்காரக் கிளை இல்லாமல், மேலே வட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

புளியமரம் என்ன ஆயிற்று என்று பார்க்கக் குளத்தங்கரைக்குப் போனோம். அங்கே கோடாலியே வரவில்லை. மரத்தைச் சுற்றிச் சிவப்புக் கரை போட்ட ஒரு வெள்ளைப் புடவை கட்டியிருந்தது. நம்பர் போட்ட இடத்தின் மேல் அப்பியிருந்த செந்தூரத்தில் நம்பர் மறைந்துவிட்டது. அடியில் செந்தூரமும் செம்பருத்திப் பூவுமாக ஒரு கறுப்புக் கல். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் பௌதி, கையில் சங்கோடு.

அம்மன் நேற்றுக் கனவில் வந்து இந்த மரத்தடியில் கோயில் கேட்டாள் என்று பௌதி அபினாஷ் பாபுவிடம் சொன்னாள். அவர் கல்லை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அம்மிக் குழவி. ஒரு பக்கத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"அம்மா, இந்த மரத்தை யாரும் வெட்டப் போவதில்லை. வெட்டக் கூடாது என்பதுதான் சட்டம்" என்றார் அபினாஷ் பாபு.

"அப்படியானால் இவன் ஏன் அப்படிச் சொன்னான்?"

"இவருக்கு வங்காளி தெரியாது."

பௌதி என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகக் கோபம் குறைந்தது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிட மோசம், இரக்கம். என்னைக் கல்லுக்கு முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"சொல்லு. காச் காட்டா ஹொபே..."

"காச் காட்டா ஹொபே" என்றேன்.

"நா."

"நா."

"இன்னொரு தடவை. சேர்த்துச் சொல்லு."

பன்னிரண்டு பெண்களும் அபினாஷ் பாபுவும் ராம்ஸேவக்கும் கம்பளிக்குள் காளிபதாவும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மிக் குழவிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபத்தொரு தடவை அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டு 'நா'வுக்கு ஒரு பெண் வீதம் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனாள். முடிந்ததும் பௌதி உள்ளே போய் ஒரு மண்சட்டி நிறையப் புளி கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

அபினாஷ் பாபு என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கும்படியான தண்டனை ஒன்று கொடுத்தார். மரம் விழுந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போக வேண்டும். விழுந்த இடத்தில் ஒரு கன்று நட வேண்டும். வீட்டுக்காரரிடம், வங்காளியில், மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிப்பு வாக்கியத்தை அவரே எழுதிக் கொடுத்து, எட்டு நாள் சொல்ல வைத்து, பிறகுதான் வெளியே அனுப்பினார்.

பல வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஷோஷி பாபு வீட்டில்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அதே ஸ்டூலை எடுத்து வந்து, பழக்கத்தில் பலாமரம் இருந்த இடத்திலேயே போட்டார். போட்ட பிறகுதான் அங்கே வெயில் என்று அவருக்குப் புரிந்தது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசல் முழுவதும் பார்த்தார். போட இடமில்லை. கடைசியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். மனப்பாடம் செய்த வாக்கியம் எனக்கு வரவில்லை. குழி தோண்டிப் பலாக்கன்றை நட்டுவிட்டு, குளத்திலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அவர் மூன்றாவது குடத்தை எடுத்து வந்து தானே ஊற்றினார். அந்தக் கோடை முழுவதும் காலையில் ஆபீசுக்குப் போகும் முன் அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் விட்டேன். அதற்கு யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. மிச்சமிருந்த மரங்களை ஜனங்கள் கண்ணைப் போலக் காத்தார்கள். ஒரு தடவை இழந்து பார்த்துவிட்டதால் வந்த அக்கறை. என் முட்டாள்தனம்தான் சட்டத்துக்குக் கிடைத்த பெரிய விளம்பரம் என்று அபினாஷ் பாபு பின்னாளில் சொல்வார். அதை என் ரிக்கார்டில் எழுதித் தரும்படி கேட்டேன். மறுத்துவிட்டார்.

நான் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன். கல்யாணம், குழந்தைகள், பிறகு ஒரு பாங்கில் உத்தியோகம், ஜாதவ்பூர் பக்கம் வீடு. என் வீட்டில் நான் எதையாவது வேண்டாம் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் உடனே நம்புவதில்லை. இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டு நான் வேண்டாம் என்றால், "முன்னால வார நாவா, பின்னால வார நாவா?" என்று அக்கா கேட்பாள். பின்னால் என்று தெளிவாகச் சொல்லும் வரை கரண்டி கீழே போகாது. அக்காவைப் பார்த்து என் மனைவியும், மனைவியைப் பார்த்துக் குழந்தைகளும் கற்றுக்கொண்டார்கள்.

பௌதியின் கதை வேறு மாதிரிப் போயிற்று. பொய்யாக வைத்த கோயில்தான். ஆனால் பூஜை செய்த குழவியைத் திரும்ப எடுத்து மஞ்சள் அரைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறு குழவி வாங்கிக்கொண்டாள். இது அப்படியே இருந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் வந்து விளக்கு வைத்தார்கள். யாரோ தளம் போட்டார்கள், யாரோ கூரை போட்டார்கள். இந்த ஊரில் ஒரு மரம் பேர் வாங்கிவிட்டால் அந்த இடத்தையே அதன் பேரால் சொல்வார்கள். 'தலா' என்றால் அடி. வேம்பு நின்ற இடம் நிம்தலா, கடம்பு நின்ற இடம் கதம்தலா. நியாயமாகப் பார்த்தால் இது புளியமரத்தடி என்று ஆகியிருக்க வேண்டும்.

சென்ற வருஷம் என் மகள் கோமதியோடு பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். கண்டக்டர் பஸ்ஸைத் தட்டிக் குரல் கொடுத்தான்.

"மாத்ராஜிதலா, மாத்ராஜிதலா, இறங்குகிறவர்கள் முன்னால் வாருங்கள்."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளிப் பெரியவர் ஜன்னல் வழியாகப் புளியமரத்தைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் மாத்ராஜியா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்படியானால் நீங்கள் அவசியம் இறங்கித் தரிசனம் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் தேசத்திலிருந்து ஒரு மகான் வந்திருக்கிறார். பீதாம்பர் பாபா. தலைப்பாகை கட்டியிருப்பாராம். இந்த மரத்தை வெட்ட ஆட்கள் வந்தபோது அவர்தான் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பாற்றினாராம். இங்கேயேதான் சமாதியானார்."

கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பெரிய ஞானி" என்று பெரியவர் தொடர்ந்தார். "கடைசி வரைக்கும் மௌன விரதம். ஒரு வார்த்தை பேசியதில்லையாம்."

கோமதி என் காதருகே குனிந்து, அவருக்குப் புரியாதபடி தமிழில் சொன்னாள்: "பேசாம இருந்தவரைக்கும் நல்ல மகான்தான் அப்பா."